பாய் கடையில் எல்லாம் வரும்

கொடைக்கானல் பஜாரில் சம்சுல் ஆலம் கடைக்குப் போய் ஒரு பொருளைக் கேட்டு, "இல்லை" என்ற பதிலோடு திரும்பியவர் யாரும் கிடையாது. பொருள் கிடைக்காமல் திரும்பியவர்கள் நிறையப் பேர் உண்டு, அது வேறு விஷயம். அந்தக் கடைக்குள் அந்தச் சொல் புழங்காது. பேரிக்காய் தீர்ந்துவிட்டதா, "வரும்ங்க" என்பார். தைலம் முடிந்துவிட்டதா, "வருது, வருது" என்பார். வியாபாரம் நடக்கிற இடத்தில் இல்லை என்று சொன்னால் பரக்கத், கடையின் செழிப்பு, போய்விடும் என்று அவருடைய அத்தா சொல்லிவிட்டுப் போயிருந்தார். மகன் அதை இம்மியும் பிசகாமல் காப்பாற்றி வந்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவர் கதை அல்ல, அவர் மனைவி சபுராவின் கதை. இவரை முதலில் நிறுத்தி வைக்காமல் அவளைப் பற்றிப் பேச முடியாது. அவளுக்கு வந்த பெருமையும் இவரால்தான், சிக்கலும் இவரால்தான்.

சபுரா பழனிக்காரி. அடிவாரத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தவரின் மகள். கல்யாணமாகி மலையேறி வந்த அன்று ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் காரை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தவள், "இனி நான் கீழ எறங்கவே மாட்டேன், இந்த ரோட்டுல இன்னொரு தடவ என்னால முடியாது" என்று சொன்னாளாம். கிட்டத்தட்டச் சொன்னபடியே இருந்தும் விட்டாள். அட்டுவம்பட்டியில் வீடு. மகள் ஜஹீராவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு பகலெல்லாம் வீடு வெறிச்சென்று கிடந்தது. சீசன் நேரம், கடையில் ஆள் போதவில்லை, ஒரு வாரம் வந்து கூட நில் என்று கணவர் கேட்டார். போனாள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

போன பிறகுதான் தனக்கு எது பிடிக்கும் என்பதே அவளுக்குத் தெரிந்தது. பூண்டைக் கையில் எடுத்து மேல்தோலை ஒரு சுற்று உரசிவிட்டால் மண்ணும் சருகும் உதிர்ந்து பல் பல்லாகத் திரண்டு தெரியும், அது பிடிக்கும். பேரிக்காயை ஈரத்துணியால் துடைத்து, அடிபட்டதைப் பின்னுக்குத் தள்ளாமல் தனியாக எடுத்து வைப்பது பிடிக்கும். பெரும்பாறையிலிருந்து வருகிற மிளகைச் சுளகில் புடைக்கும்போது வருகிற சத்தம் பிடிக்கும். இதையெல்லாம் வெளியே சொல்ல அவளுக்குக் கூச்சம். கடை வேலை பிடித்திருக்கிறது என்று சொல்கிற பெண்ணை நம் ஊரில் பாவம் என்றுதான் பார்க்கிறார்கள். வீட்டில் உட்காரக் கொடுத்துவைக்கவில்லையே என்று கல்யாண வீடுகளில் சொந்தக்காரிகள் உச்சுக்கொட்டுவார்கள். சபுரா சிரித்துக்கொண்டே பிரியாணியைக் கவனிப்பாள்.

கொரோனா வந்து ஊரடங்கு போட்டார்கள். கடை பூட்டிக் கிடந்தது. வீட்டில் சபுராவுக்குக் கை நிற்கவில்லை. சமையலறையில் இருந்த வெங்காயத்தைப் பெரிசு, நடு, சிறிசு என்று பிரித்து மூன்று தட்டில் வைத்தாள். மறுநாளும் வைத்தாள். கல்லூரி மூடி வீட்டுக்கு வந்திருந்த ஜஹீரா அதைப் பார்த்துவிட்டு, "கடை வேல அம்புட்டு ஆசையா இருந்தா அத எழுதும்மா, வெங்காயத்த விடு" என்றாள். சொன்னதோடு நிற்காமல் இணையத்தில் ஒரு வலைப்பூவும் திறந்து கொடுத்தாள். என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டபோது, "பஜார்ல இன்னைக்கு" என்றாள் சபுரா. அன்றைக்குப் பஜாரே இல்லை என்பது வேறு கதை.

முதலில் எழுதியது பட்டர் ஃப்ரூட் வாங்குவது எப்படி என்று. காம்புப் பக்கம் லேசாக அழுத்திப் பார்க்க வேண்டும், பழத்தின் வயிற்றில் விரலை அமுக்கினால் கடைக்காரனுக்குக் கோபம் வரும், அந்தக் கடைக்காரன் என் வீட்டுக்காரராக இருந்தால் கோபத்தைக் காட்டாமல் அந்தப் பழத்தையே உங்கள் தலையில் கட்டிவிடுவார் என்று எழுதியிருந்தாள். படித்தவர்கள் மூன்று பேர். ஒன்று ஜஹீரா, இன்னொன்று ஜஹீராவின் தோழி. மூன்றாவது யாரென்று தெரியவில்லை. அடியில் இப்படி ஒரு பின்னூட்டம் இருந்தது: "நான் இந்தப் பழத்தத் தோலோட கடிச்சுத் துப்புனவ. இப்பத்தான் விவரம் தெரியுது. இன்னும் எழுதுங்க. ராஜகுமாரி, அருப்புக்கோட்டை."

ராஜகுமாரி வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். மெஷினுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு படிப்பாளாம். சபுரா எது எழுதினாலும் அவளுடைய பதில் தவறாமல் வரும். பூண்டின் தோலை உரசுவது பற்றி எழுதினால், "எனக்குக் கொக்கிக்குக் காஜா எடுக்குறப்ப இப்படித்தான் இருக்கும், யார்கிட்டயும் சொன்னதில்ல" என்று பதில் வரும். அந்த வரியைச் சபுரா அன்று முழுக்கத் திரும்பத் திரும்பப் படித்தாள். கூடப்பிறந்தவள் இல்லாத குறை அவளுக்கு எப்போதும் உண்டு. முகம் தெரியாத ஒருத்தி அருப்புக்கோட்டையில் உட்கார்ந்து அதைத் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

கடை திறந்தபிறகும் எழுதுவது நிற்கவில்லை. மத்தியானம் கூட்டம் குறைகிற நேரத்தில் பூண்டு மூட்டைகளுக்குப் பின்னால் பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கட்டைவிரலால் தட்டித் தட்டி எழுதுவாள். செய்த வேலையை எழுதும்போது அதே வேலையை இன்னொரு தரம் நிதானமாகச் செய்கிற மாதிரி இருக்கும். காலையில் எரிச்சலாக இருந்தது கூட எழுத்தில் வரும்போது சிரிப்பாகிவிடும். படிக்கிறவர்களும் பெருகினார்கள். கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, "பஜார்ல இன்னைக்கு கடை இதுதானா?" என்று கேட்டு வந்தார்கள். சம்சுல் ஆலம் வாயெல்லாம் பல்லாக, "இதுதாங்க, உள்ள வாங்க" என்பார்.

அப்படி வந்தவர்களில் ஒருவன்தான் ராஜமுருகன். திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு ஆபீஸ் போட்டு, கடைகளுக்கு ஆன்லைன் மார்க்கெட்டிங் செய்து கொடுப்பவன். நல்ல பையன், நாலு பேரை ஏமாற்றுகிறவன் அல்ல. அவன் சொல்லிக் கொடுத்த ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியால்தான் பேரிக்காய் அழுகாமல் சென்னை வரை போனது. அந்த நன்றி சபுராவுக்கு இன்றைக்கும் உண்டு. வலைப்பூவோடு சேர்த்து ஆர்டர் கொடுக்கிற பக்கம் ஒன்றை அமைத்தான். பார்சல் கைக்குப் போனபிறகு பணம் கொடுத்தால் போதும் என்று ஏற்பாடு. எழுதுவது சபுராவின் பொறுப்பு, கடை போனில் வருகிற கேள்விகளுக்குப் பதில் போடுவது சம்சுல் ஆலம் பொறுப்பு என்று வேலையைப் பிரித்தார்கள்.

"மேடம், தெனமும் ஒண்ணு போட்டே ஆகணும். கொடைக்கானல்ல தவறவிடக் கூடாத பத்து, மலைப்பூண்டோட ஏழு நன்மை, இந்த மாதிரி. அப்பத்தான் தேடுறவங்களுக்கு நம்ம பக்கம் மேல வரும்" என்றான்.

சபுராவும் போட்டுப் பார்த்தாள். பத்து, ஏழு, ஐந்து என்று எழுதினாள். படிப்பவர்கள் இன்னும் பெருகினார்கள். ஆனால் எழுதி முடித்து எழுந்தால் எதையும் செய்த மாதிரியே இருக்காது. அடுத்தவர் வீட்டுச் சாமானைத் துடைத்து வைத்தது போலிருக்கும். ராஜகுமாரி மட்டும் அந்தப் பட்டியல்களுக்கு அடியில் ஒன்றும் எழுத மாட்டாள்.

வைகாசியில் ப்ளம்ஸ் வந்தது. சபுராவுக்கு ஆசை தாங்கவில்லை. பத்தையும் ஏழையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் பழையபடி எழுதினாள். பழத்தைக் கத்தியால் வெட்டக் கூடாது, உள்ளங்கையில் வைத்து இரண்டு கட்டைவிரலால் பிளந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்ன வேண்டும், புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும், மூடாவிட்டால் அது கொடைக்கானல் ப்ளம்ஸே இல்லை என்று எழுதினாள். அந்தப் பதிவு பிய்த்துக்கொண்டு போனது. ஆர்டர் வந்து குவிந்தது. ஆனி முழுக்கப் பெட்டி பெட்டியாக அனுப்பினார்கள். ஆனியோடு பழம் முடிந்தது.

பழம் முடிந்ததே தவிர ஆர்டர் முடியவில்லை. ப்ளம்ஸ் இருக்கிறதா என்று ஆடியிலும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சம்சுல் ஆலம் எல்லோருக்கும் ஒரே மாதிரி பதில் போட்டார். அது என்ன பதில் என்று உங்களுக்கே தெரியும்.

கடை முகத்தில் நின்று கேட்கிறவனுக்கு அந்தப் பதில் புரியும். பாய் "வரும்ங்க" என்று சொல்லும்போதே பக்கத்தில் இருக்கிற பேரிக்காயை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். சரி, இது இன்றைக்குக் கிடைக்காது என்று அவனும் பேரிக்காயை வாங்கிக்கொண்டு போவான். மலையில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லியா கொடுக்க வேண்டும்? போனுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் மலையில் இல்லை. வரும் என்றால் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கொஞ்ச நாளில், ஏமாற்றுக்காரக் கடை, பேச்சுக்கு மரியாதை இல்லாத கடை என்று ஆர்டர் பக்கத்தில் வரிசையாக எழுத ஆரம்பித்தார்கள்.

சபுரா அதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டாள். ஊரில் எந்தக் கடையைத்தான் யார் திட்டவில்லை? ஆவணியில் ஒரு நாள் காலை வலைப்பூவைத் திறந்தபோது ராஜகுமாரியின் பின்னூட்டம் இருந்தது.

"சபுரா, என் மகளுக்கு வளைகாப்பு நல்லபடியா முடிஞ்சது. உங்க ப்ளம்ஸ் பதிவ வாசிச்சதுல இருந்து புள்ள அந்தப் பழத்துக்கு ஏங்கிக்கிட்டு இருந்தா. உங்க கடை நம்பருக்குக் கேட்டேன். கண்டிப்பா வரும், இன்ஷா அல்லாஹ்னு பதில் வந்தது. சீர்த்தட்டுல அதுக்குன்னு ஒரு எடம் காலியா விட்டு வச்சிருந்தேன். சம்பந்தி வீட்டுக்காரங்க என்ன இதுன்னு கேட்டாங்க. கொடைக்கானல்ல இருந்து வருதுன்னு பெருமையாச் சொன்னேன். வளையல் போட்டு முடியிற வரைக்கும் வாசலப் பாத்தேன். நீங்க எழுதுனதயெல்லாம் நம்பித்தான் வாசிச்சேன். இனிமே வாசிக்கிறதா இல்ல. நல்லா இருங்க."

திட்டியிருந்தால் கூடத் தேவலை. நல்லா இருங்க என்று முடித்திருந்தது தாங்க முடியவில்லை. சீர்த்தட்டில் அந்தக் காலி இடம் கண் முன்னால் வந்து நின்றது. தன் எழுத்தை மதித்து யாராவது அப்படி ஒரு இடத்தை ஒதுக்கி வைப்பார்களா என்றுதான் இத்தனை நாள் எழுதினோம் என்பதும் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

கணவரிடம் போனை நீட்டினாள். அவர் உதடசைத்துப் படித்தார்.

"ஏங்க, ஆடி மாசம் ப்ளம்ஸ் எங்கேருந்து வரும்?"

"வராது."

"பெறகு ஏன் வரும்னு அனுப்புனீங்க?"

"கேட்டாங்கல்ல. கடைக்கு வந்து கேட்டா என்ன சொல்லுவேன்? அதத்தான் போன்லயும் சொன்னேன். இன்ஷா அல்லாஹ்னும் போட்டிருக்கேனே."

"அவங்க அத நம்பித் தட்டுல எடம் விட்டு வச்சுக் காத்திருக்காங்க. இனிமே ஒரு பொருள் இல்லைன்னா..."

"சபுரா." அவர் குரல் தணிந்திருந்தது. "கடைக்குள்ள நிக்கிறோம். அந்த வார்த்தையச் சொல்லாத. எழுதவும் எழுதாத. அத்தா கையால தொறந்த கடை இது. அந்தம்மா மனசு கஷ்டப்பட்டது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. அதுக்காகக் கட பேர்ல அத எழுதுனா எனக்குத் தூக்கம் வராது."

அவர் பிடிவாதக்காரர் அல்ல. இருபத்தைந்து வருஷத்தில் அவள் கேட்டு அவர் மறுத்தது சொற்பம். அந்த நம்பிக்கையில் கை வைத்தால் அவர் எங்கேயோ உடைந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் சண்டையும் போட முடியவில்லை. சண்டை போட முடியாத கோபம் இருக்கிறதே, அது பொல்லாதது.

ராஜமுருகனுக்குப் போன் செய்தாள். அவன் தன் வழக்கப்படி உடனே வழி சொன்னான். "அந்த கமெண்ட்ட டெலிட் பண்ணிருங்க மேடம். மன்னிப்புக் கேட்டு ஒரு ஆஃபர் போட்ருவோம்." சபுரா முடியாது என்று வைத்துவிட்டாள். அந்தப் பின்னூட்டத்தை அழித்தால் ராஜகுமாரி இருந்த இடமே இல்லாமல் போய்விடும்.

எழுதுவது நின்றுபோனது. மத்தியானம் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவாள், திரும்ப எழுந்துவிடுவாள். பூண்டை உரசினால் பூண்டாகத்தான் இருந்தது. மிளகைப் புடைத்தால் தூசி பறந்தது. பிடித்த வேலை பிடிக்காமல் போவதைப் போல ஒரு தண்டனை கிடையாது. வீட்டில் யாராவது படுத்துக் கிடக்கிற மாதிரி கடைக்குள் நடமாடினாள். சம்சுல் ஆலம் ஓரக்கண்ணால் பார்ப்பார், இரண்டு டீயாகச் சொல்லிவிடுவார்.

அந்த வாரம் பூம்பாறையிலிருந்து மணிமேகலை வந்தாள். அந்தக் கடைக்குப் பல வருஷமாகப் பூண்டு போடுகிற விவசாயி. வெள்ளனே கிளம்புகிற பஸ்ஸில் மூட்டையை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கி, டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவாள். அன்று சபுராவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸை விட்டாள். சபுரா நடந்ததைச் சொன்னாள். மணிமேகலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காத மணி, எனக்கு வயிறு எரியுது."

"இல்லக்கா, பாய நெனச்சுச் சிரிச்சேன். வெதப்பூண்டு வாங்க ஒரு ஆளச் சொல்லிவிடுங்கன்னு போன வருசம் கேட்டேன். வரும் தாயின்னாரு. சொல்லும்போதே பிடரியச் சொறிஞ்சுக்கிட்டு மேல பாத்தாரு. சரி, இது ஆகாத சோலின்னு நானே வேற ஆளப் பாத்துக்கிட்டேன். எனக்கு அவரு மொகம் தெரியும். அந்த அருப்புக்கோட்ட அக்காவுக்கு மொகம் தெரியுமா?"

இவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, வீட்டில் மாடு அவிழ்க்காமல் கெடக்கு என்று வெரசாக எழுந்து போய்விட்டாள். தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

சபுரா கணவரைப் பார்த்தாள். ஒரு வெளியூர்க்காரர் வந்து அத்திப்பழம் கேட்டார். "வரும்ங்க" என்றார் சம்சுல் ஆலம். சொல்லும்போது அவர் கை பிடரிக்குப் போனது. கண் கூரைக்கு வெளியே மேகத்துக்குப் போனது. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றும் அவள் இதைப் பார்த்ததில்லை. இல்லை, பார்த்திருக்கிறாள், எழுதியதில்லை.

மத்தியான லுஹர் தொழுகைக்கு அவர் பள்ளிவாசலுக்குப் போனதும் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் வருவதற்குள் எழுதி முடித்து வெளியிட்டும் விட்டாள்.

"எங்க வீட்டுக்காரரோட 'வரும்' மூணு வகைப்படும்" என்று தொடங்கியது அந்தப் பதிவு. "பக்கத்துல இருக்குற மூட்டையில கைய வச்சுக்கிட்டு வரும்னா, பின்கட்டுல இருக்கு, டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வந்துரும். ரோட்டப் பாத்துக்கிட்டு வரும்னா, பூம்பாறை பஸ்ஸுலயோ பெரும்பாறை ஜீப்புலயோ வரணும், நாளைக்கு வாங்க. பிடரியச் சொறிஞ்சுக்கிட்டு வானத்தப் பாத்து வரும்னா, அது அல்லாவும் மழையும் மரமும் சேர்ந்து பாத்து அடுத்த வருசம் வரவேண்டியது. கையில குடுக்குற பேரிக்காய வாங்கிக்கிட்டுப் போங்க. கடைக்கு வந்தவங்களுக்கு இது தெரியும். அருப்புக்கோட்டை அக்காவுக்கு அவர் அனுப்புனது மூணாவது 'வரும்'. போன்ல வானம் தெரியாது. அந்த மொகத்த எழுதிச் சேர்த்து அனுப்புறதுதான் என்னோட வேல. அந்த வேலய நான் பாக்கல. தட்டுல காலியா விட்ட எடத்த நெனச்சு எனக்குச் சோறு எறங்கல, அக்கா."

ஜஹீரா இப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருந்தாள். அவள்தான் கெடுத்தாள். அத்தாவுக்குப் போன் போட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சம்சுல் ஆலம் சபுராவின் போனை வாங்கிப் பதிவைப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடையைச் சாத்திவிட்டு அட்டுவம்பட்டிக்குப் போகிற வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு மெல்லக் கேட்டார்.

"நான் வானத்தப் பாக்குறேனா?"

"பாக்குறீங்க."

கொஞ்ச தூரம் போனது. "அத்தாவும் பாப்பாரு" என்றார். சபுரா அவர் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

அந்தப் பதிவுக்குப் பிறகு பஜாரில் பாய்க்கு நிம்மதி போய்விட்டது. "அண்ணே, இது எந்த 'வரும்'?" என்று வருகிறவர்களெல்லாம் கேட்டார்கள். முதலில் கூசினார். பிறகு வேண்டுமென்றே வானத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். ஆர்டர் பக்கத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே "இப்பவே வரும்", "பஸ்ஸுக்கு வரும்", "அடுத்த வருசம் வரும்" என்று சபுரா எழுதி வைத்தாள். இப்படி எந்தக் கடையிலும் பார்த்ததில்லை என்று ராஜமுருகன் தலையில் அடித்துக்கொண்டான்; பிறகு, திட்டு நின்றுபோனதைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டான். பத்தும் ஏழும் எழுத மாட்டேன் என்று சபுரா சொன்னபோதும் அவன் எதிர்த்துப் பேசவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். சபுராவுக்கு ஆகவில்லை. அந்தப் பதிவுக்கு அடியில் எத்தனையோ பேர் எழுதினார்கள், அருப்புக்கோட்டையிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. தினமும் காலையில் முதல் வேலையாகப் பார்ப்பாள். வாசிக்க மாட்டேன் என்று சொன்னவள் சொன்னபடி நடக்கிறாள். அவளாவது சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாளே என்று ஒரு நாள் கணவரிடம் குத்தலாகச் சொல்லியும் விட்டாள். அவர் பழத்தை அடுக்கினார். சொன்னதற்காக அன்று முழுக்கச் சபுரா வருத்தப்பட்டாள். கடை போனில் ராஜகுமாரியின் எண் இருந்தது. கூப்பிடத் துணிச்சல் வரவில்லை.

புரட்டாசி போய் ஐப்பசி வந்தது. மழை பிடித்துக்கொண்டது. பூம்பாறையில் புதுப்பூண்டு பிடுங்கியிருந்தார்கள், ஆனால் வெயில் முகமே காட்டவில்லை. அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிட்டுப் புகை போட்டும் ஈரம் போகவில்லை என்று மணிமேகலை சொல்லிக்கொண்டே இரண்டு மூட்டையை இறக்கிவிட்டுப் போனாள். பழைய பூண்டு தீர்ந்திருந்தது. ஈரப்பூண்டு கடையில் வைத்து விற்க ஆகும். அட்டைப் பெட்டியில் போட்டுப் பார்சல் அனுப்பினால் போய்ச் சேருவதற்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு முற்பகலில் கடை போன் அடித்தது. சம்சுல் ஆலம் எடுத்தார். அவர் முகம் மாறியதைத் தராசுக்குப் பின்னால் நின்ற சபுரா பார்த்தாள். அவர் போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "அருப்புக்கோட்ட" என்றார்.

சபுரா வாங்கிப் பேசலாம் என்று கையை நீட்டினாள். அவர் தலையை ஆட்டிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டார்.

"பாய், எம் மகளுக்கு ஆம்பளப் பிள்ள பொறந்திருக்கு. பிள்ள பெத்த ஒடம்புக்கு மலைப்பூண்டு வேணும். எங்கயும் நல்லதாக் கெடைக்கல, அதனாலதான் கூப்புட்டேன்." குரலில் கோபம் இல்லை, நெருக்கமும் இல்லை. "சுத்தி வளைக்காம ஒண்ணு மட்டும் சொல்லுங்க. காஞ்ச பூண்டு இருக்கா, இல்லையா?"

சம்சுல் ஆலம் கை பிடரிக்குப் போனது. கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். மூட்டையைப் பார்த்தார், மேலே மாட்டியிருந்த அத்தாவின் படத்தைப் பார்த்தார். "ஒரு நிமிசம் இருங்கம்மா" என்றார்.

பிறகு செருப்பைக் கூடப் போடாமல் கடையை விட்டு இறங்கினார். இரண்டு ஜீப்புகளுக்கு நடுவில் சேற்றை மிதித்து ரோட்டைக் கடந்தார். எதிரே பூட்டிக் கிடந்த கடையின் சுவரோரம் போய், தன் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். போனில் பேசினால் பஜார் முழுக்கக் கேட்கும்படி கத்துவது அவர் வழக்கம். சபுராவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"இல்லம்மா. காஞ்ச பூண்டு இல்ல. இப்ப என்கிட்ட இருக்குறது ஈரம். பிள்ள பெத்த ஒடம்புக்கு அத நான் அனுப்ப மாட்டேன். மழ விட்டுக் காஞ்சாத்தான் உண்டு. காஞ்ச அன்னைக்கு நானே கூப்பிடுறேன். ப்ளம்ஸும் அன்னைக்கு இல்லம்மா. இல்லைன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

பக்கத்து டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். அந்த வார்த்தையை அந்தக் குரலில் பஜார் கேட்டதே இல்லை. கொஞ்ச நேரம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு நின்றவர், போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். படியில் கிடந்த சாக்கில் காலை நன்றாகத் துடைத்தார். துடைத்து முடிக்கிற மாதிரித் தெரியவில்லை.

"கடைக்குள்ள சொல்லல" என்றார் சபுராவைப் பார்க்காமல்.

"தெரியும்" என்றாள். இந்த மனுஷனுக்குத் தன்னைக் கட்டிக் கொடுத்தவர்களை மனதுக்குள் வாழ்த்தினாள்.

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"காயட்டும், பொறுத்துக்கிறேன்னாங்க." அவர் தராசுத் தட்டை நேராக்கினார். "உன்னயக் கேட்டாங்க. சபுரா இன்னைக்கு என்ன எழுதியிருக்குன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் எழுதலம்மான்னேன். அவங்க மிஷின்ல உக்காந்துதான் இருக்காங்களாம்." அவர் பழப்பெட்டியை எடுத்து மூட்டைகளுக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்டார். "கடைய நான் பாத்துக்கிறேன். நீ போய் எழுது."